ஈயப் பெட்டிக்குள் நாலு பட்டுக்கோழி

1

இந்தத் தை மாதத்தோடு நான் கடல் தாண்டி வந்து பன்னிரண்டு வருஷம் முடிகிறது. கல்யாணம் முடிந்த பதினாறாம் நாள் ஊரைவிட்டுக் கிளம்பினேன். மண்டபம் முகாமில் ஊசி போட்டு உட்காரவைத்த நாட்கள்தான் பெரிய பயணம். கப்பல் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. இதற்கா இத்தனை அழுகை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டம் எப்படி இருக்கும், சிங்களத்தார் எப்படிப்பட்டவர்கள். மழையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதோ மழையைப் பற்றித்தான். அந்த மழையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறி, ரோடு முடிந்த பிறகும் ஏறினால் எங்கள் தோட்டம் வரும். இவர் இங்கே டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து பெட்டியில் அடைத்து ஆணி அடிக்கும்வரை எல்லாம் இவர் பொறுப்பு. தேயிலை ஆலையை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். ஸ்டோருக்குக் கீழே இருநூறு படி இறங்கினால் எங்கள் வீடு.

முசிறியில் மழை விருந்தாளி மாதிரி வரும், போகும். மறுநாள் வெயிலில் பாய் காயப் போடலாம். இங்கே ஐப்பசியில் வருகிற மழை தை வரை வீட்டைவிட்டுப் போகாது. பெய்யாத நேரத்திலும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீப்பெட்டியை அடுப்புக்கு மேலே வைத்தால்தான் பற்றும். ஒருமுறை என் கூறைப்புடவையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அன்றைக்கு இந்த நாட்டையே திட்டித் தீர்த்தேன். இவர் பேசாமல் புடவையை ஸ்டோருக்குக் கொண்டுபோய், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதும் அதில் தேயிலை மணக்கிறது.

2

கோழிகள் புரட்டாசிக் கடைசியில் வந்தன. பங்களாத் துரைசானி சீமைக்குப் போகிறாள், திரும்பி வரமாட்டாள் என்று பேச்சு. அவள் வளர்த்த கோழிகளில் நாலை எங்கள் மகள் பவளத்துக்குக் கொடுத்துவிட்டாள். பவளத்துக்குப் பதினோரு வயது. அப்பாவோடு பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் கோழிக்கூண்டுப் பக்கமே நின்றுகொண்டிருப்பாளாம். துரைசானி ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள், பட்டு என்று அர்த்தமாம். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பட்டுக்கோழி என்று பெயர்.

பார்த்தால் கோழி என்றே சொல்லமாட்டீர்கள். உடம்பு முழுக்கப் பஞ்சு. தலையில் கண்ணை மறைக்கிற அளவுக்கு ஒரு கொண்டை. காலில் விரல்வரை முடி. விரலும் ஒன்று கூட, ஐந்து. பஞ்சை விலக்கினால் தோல் கறுப்பு. பறக்கத் தெரியாது, கம்பில் ஏறி உட்காரவும் தெரியாது, தரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். நாலும் பெட்டைகள். பவளம் அதில் தூய வெள்ளைக்குச் ‘சுதி’ என்று பெயர் வைத்தாள். சிங்களத்தில் வெள்ளையம்மா என்கிற மாதிரி. ஏன், தமிழில் பெயர் இல்லையா என்று கேட்டேன். “இதுதான்மா அதுக்குப் பொருத்தமா இருக்கு” என்றாள்.

நம் ஊர்க் கோழியின் இறகு ஓலை வேய்ந்த கூரை மாதிரி. மழை மேலாக வழிந்து ஓடிவிடும், கோழி ஒரு உதறு உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பட்டுக்கோழி நனைந்தால் தோல்வரை நனைந்துவிடும். உதறத் தெரியாது. நனைந்த இடத்திலேயே நின்று நடுங்கும். கொழுந்துக் கூடையோடு எங்கள் வாசல் வழியாகப் போகிற மாரியாயி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, “இது கோழியாங்கம்மா? தலகாணியப் பிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கார்த்திக தீவம் பாக்காதுங்க இது” என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

இனிப் பவளம் விஷயம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான். அதற்கு மேல் படிக்க இரண்டு வழி. ஒன்று, கீழே போய் பஸ் பிடித்துப் பதுளையில் படிப்பது. மற்றது, திருச்சியில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் படிப்பது. அண்ணன் எழுதியிருந்தார்: “பிள்ளையைத் தையில் அனுப்பிவை. ஆனியில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊரோடு பழகிக்கொள்வாள்.” அந்தக் கடிதத்தை மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது.

நான் அவளை அனுப்பத் துடித்ததற்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லை. பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் விசாரணைக்காகப் பதுளைக்குப் போயிருந்தோம். மூவரும் போனோம், காகிதக் கட்டோடு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்ப்பவர் என்னைப் பார்த்து, “சொந்த ஊர் எதும்மா?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்து “முசிறி” என்றேன். வேறு என்ன வரும் வாயில்? இவர் முகம் சுண்டிப்போயிற்று. இங்கேயே நிலையாக இருக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மேசை முன்னால் நின்று நான் சொன்ன ஊர் அது. வாசலுக்கு வந்ததும் இவர், “பரவால்ல விடு, பொறந்த ஊரத்தான் கேட்டாங்கன்னு வச்சுக்குவோம்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பவளத்திடமும் அதையே கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. “பதுள. இந்தா, அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்” என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. நான் பெற்ற பிள்ளைக்கு என் ஊர் ஒரு கடித முகவரி. அவள் ரொட்டியைப் பாண் என்கிறாள், ஆபீஸைக் கந்தோர் என்கிறாள், அறையைக் காம்பரா என்கிறாள். போனால் போகிறது. காவிரி என்றால் “பெரிய ஆறாம்மா?” என்று கேட்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவருக்கு அவளை அனுப்ப மனம் இல்லை. “புள்ளய அங்க அனுப்பிட்டு, நாங்க இங்கதான் இருக்கப் போறோம்னு எப்புடிச் சொல்றது?” என்பார். அது பாதிதான். மகளைப் பிரிந்து இருக்க முடியாது என்பதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

ஐப்பசியில் மழை பிடித்த முதல் வாரம் பேச்சு வந்தது. பவளம் சொன்னாள்: “நான் போய்ட்டா கோழிங்கள யாரு தொவட்டுறது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமன் வீடு, படிப்பு, பிறந்த மண், இத்தனைக்கும் எதிரே நாலு கோழியா? “சரி, கேட்டுக்க. தை பொறக்கறப்ப நாலும் உசுரோட இருந்தா நீ பதுளையிலயே படி. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒன்னு கொறஞ்சாலும் மாமா வீட்டுக்குப் போகணும்” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்பா, நீங்க சாட்சி” என்றாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மாரியாயி சொன்ன கார்த்திகைத் தீபக் கணக்கு என் மனதில் இருந்தது. ஜெயித்துவிடுவேன் என்று தெரிந்தேதான் பந்தயம் கட்டினேன்.

4

ஒரு கோழியைத் துவட்ட எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அரை மணி. முதலில் தலைக் கொண்டை. அது நனைந்து கண்ணில் ஒட்டினால் கண் வீங்கிவிடும். பிறகு கழுத்து, முதுகு, வயிறு. கடைசியில் கால், அதில் சேறு உருண்டை உருண்டையாகக் கட்டியிருக்கும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைக்கவேண்டும். அழுத்தித் தேய்த்தால் பஞ்சு பிய்ந்துவிடும், ஒற்றி ஒற்றித்தான் எடுக்கவேண்டும். பிறகு அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளிச் சாக்கில் உட்காரவைப்பாள். கிட்டே வைத்தால் பொசுங்கும், தள்ளி வைத்தால் காயாது. இதையெல்லாம் துரைசானி சொல்லிக்கொடுத்தாளாம்.

நான் உதவுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஒரு வாரம் இருந்தேன். எட்டாம் நாள் பவளத்துக்குத் தும்மல். அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, “இங்க குடு, ஒனக்குத் துப்பே இல்ல” என்று மீதி இரண்டையும் நான் துவட்டினேன். மடியில் கிடக்கும்போது அந்தக் கோழி கழுத்தை நீட்டி என் முழங்கையில் வைத்துக்கொண்டது. இத்தனூண்டு சூடு. அதை அன்றே இறக்கிவிட்டிருக்கவேண்டும். அடுத்த நாளும் துவட்டினேன்.

ஒருநாள் மாரியாயி பார்த்துவிட்டாள். “கோழிக்குத் தலதொவட்டி விடுறீங்களா? எங்க லயத்துல புள்ளைங்க தலைக்கே துண்டு இல்லீங்கம்மா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரிடம் சொன்னேன், இவர் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வரிசையில் ஒழுகுகிற ஏழு காம்பராவுக்கு இரண்டு தகரம் வந்தது.

5

கார்த்திகை பாதியில் இவர் களத்தில் இறங்கினார். சாட்சியாக இருந்தவர் மகள் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்பது வெளிச்சம். கூரைச் சரிவுக்குக் கீழே இருந்த பலகைக்கூடு சரியில்லை, சாரல் உள்ளே அடிக்கிறது என்று சொல்லி, ஸ்டோரிலிருந்து ஓரம் உடைந்து கழித்த இரண்டு தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டிகள். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஆணி அடித்து, ஒரு பக்கம் சின்னக் கதவு வைத்து, வெளியே தார் பூசினார்.

“கப்பல்ல ஆறு வாரம் கெடந்தாலும் ஒரு சொட்டு ஈரம் ஏறாது. ஈரம் ஏறினா லண்டன்ல பெட்டியத் தொறந்ததும் என் சீட்டு கிழிஞ்சிரும்” என்று மகளிடம் பெருமை பேசினார். தேயிலையைக் கையில் பிடித்தே ஈரம் சொல்கிற மனிதர். ஈரம் பற்றி இவருக்குத் தெரியாதது ஏது? பவளம் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிக் கோழிகளை அடைத்தாள். மின்னுகிற சுவர்களுக்கு நடுவே நாலும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

மறுநாள் காலை எடுத்தபோது நாலும் ஈரம். வைக்கோலும் ஈரம்.

“எங்கயோ ஒழுகுது” என்றார் இவர். ஒழுகவில்லை. இரண்டாம் நாளும் ஈரம். பவளம் விடியற்காலையில் துவட்டுவாள், மாலையில் உலர்ந்த கோழியாக அடைப்பாள், காலையில் ஈரக்கோழியாக எடுப்பாள். சுதி இரைக்க ஆரம்பித்தது.

6

மூன்றாம் நாள் காலை, கோழிகளை வெளியே எடுத்த பிறகு நான் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஈயத்தாள் முழுக்க வேர்த்திருந்தது. மேல்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இட்லிப் பானை மூடியில் துணி கட்டுகிறவள் நான். கட்டாவிட்டால் ஆவி மூடியில் தண்ணீராகத் திரண்டு இட்லிமேல் சொட்டும். நாலு கோழி இரவெல்லாம் மூச்சு விடுகிறது. போக வழியில்லாத மூச்சு குளிர்ந்த ஈயத்தாளில் பட்டுத் தண்ணீராக இறங்குகிறது. மழையில் ஒரு துளியும் உள்ளே வரவில்லை. இவர் கட்டியது தேயிலைக்குப் பெட்டி. தேயிலை மூச்சு விடாது.

தலையை வெளியே எடுத்தேன். இவர் நின்றுகொண்டிருந்தார். “ஒழுகுற எடம் தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியலிங்க” என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தை பிறக்க ஒன்றரை மாதம்தான். பவளம் கப்பல் ஏறுவாள், காவிரியில் குளிப்பாள், அவளைப் பார்க்க என்று சொல்லி நானும் வருஷத்துக்கு ஒருமுறை போகலாம். ஆமாம், அதுவும் இருந்தது. மகளுக்காக என்று சொன்னதில் பாதி எனக்காக.

சும்மா இருந்தேன் என்பதும் பொய். அன்று சாயங்காலம் இவர் பெட்டியின் இடுக்குகளை எல்லாம் இன்னும் இறுக்கமாக அடைக்க உட்கார்ந்தார். “பழைய துணி இருந்தா பட்டையாக் கிழிச்சுக் குடு” என்றார். நான் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக, இவர் கை நீட்ட நீட்டக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை சுதி செத்துக் கிடந்தது.

பவளம் அழவில்லை. அதைத் தூக்கி, செத்த கோழியைத் துவட்டினாள். முதலில் கொண்டை, பிறகு கழுத்து, முதுகு, வயிறு, கால். முழுக்கக் காயவைத்த பிறகுதான் கோப்பி மரத்தடியில் புதைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் ஈயத்தாளை எல்லாம் கிழித்தேன். கூரைச் சரிவுக்கு அடியில், சாரல் படாத பக்கமாக, மேல் பலகையை ஒரு சாண் பெயர்த்து எடுத்தேன்.

ஸ்டோரிலிருந்து ஓடிவந்த இவர், “என்னா பண்ற? பைத்தியமா ஒனக்கு?” என்றார்.

“அதுங்க மூச்சுங்க. போறதுக்கு வழியில்லாம தண்ணியா நிக்குது. மேல தொறந்திருக்கணும், கீழ காத்துப் படாம இருக்கணும். அவ்வளவுதான்.”

கிழிந்த ஈயத்தாளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். பிறகு, “இத எப்பக் கண்டுபுடிச்ச?”

“இப்பத்தாங்க” என்றேன்.

அதற்குப் பிறகு மழை எவ்வளவு அடித்தும் மூன்றும் பிழைத்தன. மாரியாயி மானாப்புல் அறுத்துவந்து போட்டாள். அதை அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்து, தினமும் மாற்றினோம். இவர் வேலைக்குப் போகுமுன் ஒரு பிடி புல்லை உள்ளங்கையில் கசக்கி, முகர்ந்து பார்த்து, “ம், அடைக்கலாம்” என்பார். ஸ்டோரில் தேயிலைக்குச் சொல்கிற அதே குரலில்.

7

பொங்கலன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பவளம் உள்ளே போனாள். தன் பாவாடை சட்டைகளை மடித்து ஒரு துணியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஒன்னு கொறஞ்சிருச்சும்மா. நான் சரின்னு சொன்னது சொன்னதுதான். மாமாவுக்கு எழுதிப் போடுங்க.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் எங்கேயாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அந்த மூட்டையில் முடிச்சு சரியாக விழவில்லை, ஒரு பாவாடை ஓரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“நீ போக வேணாம்” என்றேன்.

“ஏன்?”

“சுதி செத்தது ஒன்னாலயும் இல்ல, அப்பாவாலயும் இல்ல. தண்ணி எங்கேருந்து வருதுன்னு எனக்கு ரெண்டு நாள் முந்தியே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. ஒன்னு செத்தா நீ ஊருக்குப் போவன்னு சொல்லாம இருந்துட்டேன்.”

பவளம் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவளிடம் நான் கண்டதில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசற்படியில் இவர் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “துணி கிழிச்சுக் குடுத்தியே” என்றார். அவ்வளவுதான்.

நாலு நாள் பவளம் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், கோழிகளைப் பார்த்தாள், அப்பாவோடு பேசினாள். அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

ஐந்தாம் நாள், அதாவது இன்று மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை அடித்தது. கோழிகள் முற்றத்தில் இருந்தன. பவளம் ஓடிப்போய் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டைச் சாக்கில் விட்டாள். மூன்றாவதைக் கொண்டுவந்து, சொட்டச் சொட்ட, என் மடியில் வைத்தாள்.

“புடிங்க. கொண்டைய மொதல்ல தொடைங்க” என்றாள். துண்டைத் தோளில் போட்டாள். பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “நான் பதுளையிலேருந்து வர அஞ்சு மணி ஆயிரும். அதுவரைக்கும் நீங்கதான பாக்கணும்” என்றாள்.

“பாத்துக்கறேன்” என்றேன்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கணும். மறந்துட்டேன், தெரியலன்னெல்லாம் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

அண்ணா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். பிள்ளையை அனுப்பவில்லை.